விபத்து நடந்த நாளிலிருந்து: தொழிலாளர் இழப்பீடும் நீதிமன்றமும்



நீதிபதியாக இருந்த ஒருவனை நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்தால் அவன் அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. சமத்துவம், தீண்டாமை ஒழிப்பு, வாழும் உரிமை என்று பேச எவ்வளவோ இருக்கிறது. நான் இன்று எடுத்துக்கொண்டது அதைவிடச் சிறிய, பழைய சட்டம். வெள்ளையர் ஆட்சியில் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அது. சட்டக் கல்லூரிகளில் தொழிலாளர் சட்டத் தாளில் ஒரு கேள்விக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் நம் மக்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரே ஒருமுறை சட்டத்தின் வாசலை மிதிப்பதாக இருந்தால் அது இந்தச் சட்டத்தின் வாசலாகத்தான் இருக்கும். சேரியிலிருந்து ரிட் மனுவோடு உயர் நீதிமன்றப் படியேறுகிறவர்கள் மிகச் சிலர். சாரத்திலிருந்து விழுந்தவரின் மனைவியும், கல் அரவை இயந்திரத்தில் கையைக் கொடுத்த இளைஞரும் போய் உட்காருவது இழப்பீட்டு ஆணையர் அலுவலக வராந்தாவில்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தச் சட்டப்படி இழப்பீடு என்பது கடன். விபத்து நடந்த அன்றைக்கே முதலாளி தொழிலாளிக்குப் பட்டுவிட்ட கடன். அந்தக் கடன் எப்படி நடைமுறையில் ‘உதவி’யாக, ‘நிவாரண’மாக, ‘பெரிய மனசு பண்ணிக் கொடுத்த’ பணமாக மாறிவிடுகிறது என்பதைத்தான் இந்த உரையில் விளக்கப் போகிறேன்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். 1837-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஓர் இறைச்சிக் கடைக்காரரிடம் வேலை பார்த்தவர், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி முறிந்து விழுந்ததில் தொடை எலும்பு உடைந்து, முதலாளிமேல் வழக்குப் போட்டார். பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் என்று சட்டப் புத்தகங்களில் வரும் அந்த வழக்கில் நீதிமன்றம் அவரைக் கைவிட்டது. வண்டியில் எவ்வளவு சுமை என்பது முதலாளியைவிட வேலைக்காரருக்கே நன்றாகத் தெரியும், ஆபத்து என்று பட்டால் ஏற மறுத்திருக்கலாமே என்பது அதன் சாரம். இதை வைத்து வளர்ந்த கோட்பாடுகளால் அறுபது ஆண்டுகள் அந்நாட்டுத் தொழிலாளிகளுக்குச் சுரங்கத்திலும் ஆலையிலும் இழப்பீடு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. 1897-இல்தான் அங்கே தனிச் சட்டம் வந்தது. அதன் வழியில் வந்ததுதான் நமது 1923 சட்டம்.

‘மறுத்திருக்கலாமே’ என்ற அந்த வாதம் செத்துவிட்டதாக நினைக்காதீர்கள். மலக்குழியில் இறங்கி இறந்தவரைப் பற்றி இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். ‘நாங்கள் இறங்கச் சொல்லவில்லை, அவராகத்தான் இறங்கினார்.’

1923 சட்டம் இந்த வாதத்தைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. இது யார் தவறு என்று கேட்காத சட்டம். வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் விபத்து நடந்ததா என்பது மட்டுமே கேள்வி. முதலாளி எல்லா எச்சரிக்கையோடும் இருந்திருக்கலாம், தொழிலாளி கொஞ்சம் கவனக்குறைவாகவே இருந்திருக்கலாம், இரண்டும் பணத்தைக் குறைக்காது. குடித்திருந்தார், பெல்ட்டைக் கழற்றிவிட்டார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்ற எதிர்வாதங்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அவை செல்லாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். கட்டுமானத் தளத்தில் ஒருவர் இறந்தவுடன் ‘ஹெல்மெட் போடச் சொன்னோம், கேட்கவில்லை’ என்று குடும்பத்திடம் சொல்லி வாயடைக்கிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் இழப்பீட்டைத் தடுக்காது.

இதற்கு ஈடாகச் சட்டம் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது. பணத்தின் அளவை நீதிபதியின் மனசுக்கு விடாமல் கணக்காக்கிவிட்டது. இறப்பு என்றால் மாதக் கூலியில் பாதி, அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் கூலியில் 60 விழுக்காடு. முப்பது வயதுக்காரருக்குக் காரணி 207.98. கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அதற்கு முன் பத்தாண்டுக்கு அது 8,000. ஆக, மாதம் 24,000 சம்பாதித்த முப்பது வயதுக் கொத்தனார் இறந்தாலும் 15,000-இல் பாதியான 7,500-ஐ 207.98 ஆல் பெருக்கி, 15,59,850 ரூபாய் என்றுதான் ஆணையர் எழுத முடியும். அவருடைய துயரத்துக்கோ, பிள்ளைகளின் படிப்புக்கோ, இழந்த அன்புக்கோ இதில் தனி வரி கிடையாது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் அவற்றில் பலவற்றுக்கு இடம் உண்டு. எனவே வேலையின்போது நடந்த வாகன விபத்தாக இருந்தால் எங்கே போவது என்பதை முதலிலேயே யோசிக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு இந்த வழியே கிடையாது, அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மாதாந்திர உதவித்தொகைதான்.

உறுப்புகளுக்கும் விலைப்பட்டியல் உண்டு. முதல் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. முதல்முறை படிக்கும்போது மாணவர்களுக்கு உடம்பு கூசும். எனக்கும் கூசியது. ஆனால் பட்டியல் இருப்பதால் ஒரு நன்மை இருக்கிறது. மேஸ்திரி ‘ஒரு விரல்தானே’ என்று 10,000 ரூபாயை நீட்டும்போது, முப்பது வயதில் 15,000 கூலிக்காரரின் கட்டைவிரல் சட்டப்படி 5,61,546 ரூபாய் என்று நீங்கள் தாளில் போட்டுக் காட்டலாம்.

பட்டியலுக்கு வெளியே பார்க்க நீதிமன்றம் துணிந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1968 ஜூலையில் ஒடிசாவில் ஜெய்ப்பூர் என்ற ஊரில், திரையரங்கு ஒன்றில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை எடுக்க வேண்டி வந்தது. ஆணையர் அவருக்கு நிரந்தர முழு ஊனம் என்று 9,800 ரூபாயும், கொடுக்காமல் இழுத்ததற்காக அதில் பாதியைத் தண்டத் தொகையாகவும் விதித்தார். அட்டவணைப்படி ஒரு கை போனால் முழு இழப்பு ஆகாதே என்று முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று அதற்குப் பெயர். 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்ன பதில் எளிமையானது: தச்சுவேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது, எனவே இவரைப் பொறுத்தவரை இழப்பு முழு இழப்பு. மருத்துவர் உடம்பை அளக்கிறார். சட்டம் அளக்கச் சொல்வது சம்பாதிக்கும் திறனை. ஆம்பூரில் தோல் வெட்டுகிற ஒருவருக்கு விரல்கள் மடங்காமல் போனால், மருத்துவச் சான்றிதழில் 25 விழுக்காடு என்று எழுதியிருப்பதோடு வழக்கு முடிந்துவிடக் கூடாது. அவருக்குத் தெரிந்த வேலை எது, அதை இனிச் செய்ய முடியுமா என்ற கேள்வியைச் சாட்சிக் கூண்டில் மருத்துவரிடமே கேட்க வேண்டும். பல வழக்கறிஞர்கள் கேட்பதில்லை.

அடுத்தது, ‘வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும்’ என்ற சொற்கள். நூறாண்டு வழக்குகளில் பாதி இந்தச் சொற்களைச் சுற்றித்தான். இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1952 ஜூனில் போர்பந்தருக்கு அருகே உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து கழி ஒன்றைப் படகில் கடந்து வீடு திரும்பினார்கள். மோசமான வானிலை, படகில் கூட்டம் அதிகம். கவிழ்ந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்ட இழப்பீட்டை 1958-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. படகு ஊரார் எல்லாருக்கும் பொதுவானது, உப்பளத்தை விட்டு வெளியேறிய பிறகு அவர்கள் தொழிலாளர்களாக இல்லாமல் பொதுமக்களில் சிலராக ஆகிவிட்டார்கள் என்பது காரணம். ஐந்தாண்டு கழித்து 1963-இல் இன்னொரு வழக்கு. பெஸ்ட் எனப்படும் பம்பாய் மாநகரப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் ஒருவர் பணி முடிந்து, பேருந்தை டெப்போவில் விட்டுவிட்டு, அதே நிறுவனத்தின் இன்னொரு பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது விபத்தில் இறந்தார். அவருடைய மனைவிக்கு இழப்பீடு கிடைத்தது. சீருடையில் கட்டணமின்றிப் பயணம் செய்ய நிறுவனமே அனுமதித்திருந்தது, ஓட்டுநர்கள் நேரத்துக்கு வந்து சேர அது தேவை, ஆகவே பயணமும் வேலையின் நீட்சி என்றார்கள்.

இரண்டாவது தீர்ப்பு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. முதலாவதில்தான் மனம் ஒப்பவில்லை. பெஸ்ட் ஓட்டுநருக்குச் சார்பாக நிறுவனத்தின் எழுத்து விதிகள் இருந்தன. உப்பளத்துக் கூலிகளுக்கு அப்படி ஒரு தாளும் கிடையாது. படகு ஏறாவிட்டால் பல மைல் சுற்றிப் போக வேண்டும் என்ற புவியியல் மட்டும்தான் அவர்களுடைய சாட்சி. எழுத்தில் இருக்கும் வேலைக்கு ஒரு நீதியும் எழுத்தில் இல்லாத வேலைக்கு இன்னொரு நீதியும் என்று யாரும் தீர்ப்பில் எழுதுவதில்லை, ஆனால் விளைவு அப்படி ஆகிவிடுகிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை ஓரளவு சரிசெய்தது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் விடியற்காலைப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால் அதுவும் வேலையின் போக்கில் நடந்த விபத்தே என்று நீதிபதிகள் மனோஜ் மிஸ்ராவும் கே.வி. விஸ்வநாதனும் தீர்ப்பளித்தார்கள். நல்ல தீர்ப்பு. அந்த விபத்து நடந்தது 2003 ஏப்ரலில். ஆணையர் கொடுத்ததை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுப்பதற்குள் இருபத்திரண்டு ஆண்டுகள்.

இந்தச் சட்ட நுணுக்கங்களுக்கெல்லாம் முந்திய ஒரு கேள்வியில்தான் நம் மக்களின் வழக்குகள் தோற்கின்றன. நீ யாரிடம் வேலை பார்த்தாய்?

பெரிய கட்டடம். அதற்கு ஒரு நிறுவனம், அதன் கீழ் ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழ் துணை ஒப்பந்ததாரர், கடைசியில் நம் ஊர் மேஸ்திரி. விபத்து நடந்த அன்று மேஸ்திரியின் கைபேசி அணைந்துவிடும். ஒப்பந்ததாரர் ‘அப்படி ஓர் ஆளே எங்களிடம் இல்லை’ என்று பதிலுரை போடுவார். இதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது. பன்னிரண்டாம் பிரிவு. தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்கு விட்டவர், அந்த ஒப்பந்ததாரரின் தொழிலாளிக்கு நேரடி முதலாளியைப் போலவே இழப்பீடு கொடுக்கக் கடமைப்பட்டவர். கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம். அது அவர்கள் இருவருக்கும் உள்ள பாடு. மனுவில் மேஸ்திரியை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிட்டு, மேலே இருப்பவர்களை விட்டுவிட்ட எத்தனையோ வழக்குகள் என்முன் வந்திருக்கின்றன. உத்தரவு கிடைத்திருக்கும், வசூலிக்க மேஸ்திரியிடம் ஒரு டிவிஎஸ் 50 தவிர எதுவும் இருக்காது.

ஆனால் பன்னிரண்டாம் பிரிவைப் பயன்படுத்தவும் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டும். அதில் முதல் தாள் எது தெரியுமா? மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் சூப்பர்வைசர்தான். பணி மருத்துவர் ‘எப்படி அடிபட்டது’ என்று கேட்பார். ‘வீட்டில் மாடிப்படியில் வழுக்கிவிட்டார்’ என்றோ ‘வண்டியில் வரும்போது விழுந்துவிட்டார்’ என்றோ கூட வந்தவர் சொல்வார். அரை நினைவில் கிடக்கிறவர் அதை மறுக்க முடியாது. மருத்துவர் எழுதிவிடுவார். மூன்றாண்டு கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எடுத்து நீட்டும் முதல் ஆவணம் அதுதான். எனவே நீங்கள் ஓட வேண்டிய முதல் இடம் காவல் நிலையம்கூட இல்லை, அந்தப் பதிவேடு. எங்கே, என்ன வேலை செய்யும்போது அடிபட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லி எழுத வையுங்கள். மற்றவை பிறகு. மேஸ்திரி கூலி குறித்துவைக்கும் சின்ன நோட்டு, ஜிபேயில் வந்த கூலி, வேலையிடத்தில் எடுத்த செல்ஃபி, நல வாரிய அட்டை, கூட வேலை பார்த்தவரின் வாய்மொழி. கூட வேலை பார்த்தவர் அடுத்த வாரம் பீகாருக்கோ ஒடிசாவுக்கோ போய்விடலாம் என்பதால் அவர் சொல்வதை உடனே எழுதி வாங்க வேண்டும். புலம்பெயர்ந்த தொழிலாளி என்றால், விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. குடும்பம் வசிக்கும் ஊரிலேயே போடலாம்.

தாள் இல்லாதவரின் வாய்மொழியை நீதிமன்றம் எப்படி எடைபோடுகிறது என்பதைப் பற்றி இந்த அவைக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது, கார் வைத்திருக்கும் அளவு வசதியானவர்கள் தாங்களே நடந்து வந்து இதைச் செய்திருப்பார்களா என்ற ஐயமும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. இழப்பீட்டு வழக்கு கொலை வழக்கு இல்லை, ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று பார்த்தால் போதும். இருந்தும், ‘மாதம் 18,000 வாங்கினேன்’ என்று கூலிக்காரர் சொன்னால் அதற்குத் தாள் கேட்பதும், ‘அவர் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை’ என்று வருகைப் பதிவேடே வைத்துக்கொள்ளாத முதலாளி சொன்னால் நம்புவதும் இன்றைக்கும் நடக்கிறது. பதிவேடு வைத்திருக்க வேண்டியவர் அதைக் காட்டாவிட்டால் அது அவருக்கு எதிராகத்தான் போக வேண்டும். சாட்சியச் சட்டத்தில் இது பால பாடம்.

இனிப் பிணவறை வாசலுக்கு வருவோம். இதை விரிவாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது, ஏனென்றால் அங்கே நிற்பவர்களில் உங்களில் சிலரும் இருப்பீர்கள்.

இறந்தவரின் உடலை வாங்க மறுத்து உறவினர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நிறுவனத்தின் ஆள் வருவார். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், சங்கத்துக்காரர், சில நேரம் நம் இயக்கத் தோழரும் நடுவில் நிற்பார். இரண்டு லட்சத்தில் தொடங்கும் பேச்சு இரவு பத்து மணிக்கு ஐந்து லட்சத்தில் முடியும். முத்திரைத் தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்குவார்கள். எல்லாருக்கும் வெற்றி பெற்ற உணர்வு. அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் அந்த ஐந்து லட்சமும் வந்திருக்காது என்பது உண்மைதான், நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? எட்டாம் பிரிவின்படி, இறப்பு வழக்கில் இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். முதலாளி நேரடியாகக் குடும்பத்திடம் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் கழித்துக்கொள்ள இடம் உண்டு. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் பதினேழாம் பிரிவின்படி செல்லாது. அந்த முத்திரைத் தாளுக்கு மதிப்பில்லை.

எனவே உடலை வாங்குவதற்காகப் பேசுவதைப் பேசுங்கள், வரும் பணத்தை வாங்குங்கள். அதோடு கோப்பை மூடிவிடாதீர்கள். ‘கையெழுத்துப் போட்டுவிட்டோமே’ என்று குடும்பம் பயந்து இருந்துவிடுகிறது, காலம் ஓடிவிடுகிறது. 1923 சட்டத்தில் மனுப் போட இரண்டு ஆண்டு. தக்க காரணம் இருந்தால் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து வரும் பணமும், நல வாரியம் தரும் விபத்து உதவியும் இதில் சேராது. நாளிதழில் ‘தலா 3 லட்சம் நிவாரணம்’ என்று செய்தி வந்ததும் விஷயம் முடிந்துவிட்டதாக ஊரே நினைத்துக்கொள்கிறது. அது அரசு கொடுப்பது. முதலாளியின் கடன் அப்படியே நிற்கிறது.

கடன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்தச் சொல்லுக்கு ஆதாரம் தச்சரின் வழக்குதான். இழப்பீடு எந்த நாளில் கொடுபட வேண்டியதாகிறது, விபத்து நாளிலா, ஆணையர் உத்தரவிட்ட நாளிலா என்ற கேள்வி அதில் வந்தது. விபத்து நாளில் என்றது உச்ச நீதிமன்றம். உத்தரவு அந்தக் கடனை அளந்து சொல்கிறது, உண்டாக்குவதில்லை. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 1923 சட்டப்படி ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, தக்க காரணமின்றி இழுத்தால் 50 விழுக்காடு வரை தண்டம். வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கலாம், தண்டம் முதலாளியின் பையிலிருந்துதான். இடையில் 2007-இலும் 2009-இலும் சிறிய அமர்வுகள் இந்தப் பழைய தீர்ப்பைக் கவனிக்காமல் வேறு விதமாகச் சொன்னதால், வட்டி எந்த நாளிலிருந்து என்ற குழப்பத்தில் ஏராளமான குடும்பங்கள் பணம் இழந்தன. 2012-இல் சிபி ஜார்ஜ் வழக்கில்தான் அது தீர்ந்தது.

தாமதத்தில் நீதிமன்றத்துக்கும் பங்கு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆணையர் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2009 திருத்தம் சொல்கிறது. நடைமுறையில் மருத்துவர் சாட்சிக்கு வர ஒரு வருடம், இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி நகலைத் தாக்கல் செய்ய ஆறு மாதம், இடையில் ஆணையர் மாற்றலாகிப் போவார். உத்தரவு வந்தபின் உயர் நீதிமன்ற மேல்முறையீடு. சட்டப்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அதற்கு இடம், முதலாளி தொகையைக் கட்டிவிட்டுத்தான் வர வேண்டும். 2016-இல் கொல்லா ராஜண்ணா வழக்கில், ஊனம் எத்தனை விழுக்காடு என்ற உண்மைக் கேள்வியை உயர் நீதிமன்றம் மறுபடி கிளறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. ஆனாலும் மேல்முறையீடு எண்ணிடப்பட்டு, தடையாணை பெற்று, அடுக்கில் போய்ச் சேர்ந்துவிட்டால் பல ஆண்டுகள் தூங்கும். கட்டிய பணம் வங்கியில் வைப்புத் தொகையாகக் கிடக்கும். அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள மனுப் போடலாம் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேல்முறையீடே இல்லாத வழக்குகளில், நில வரி பாக்கியைப் போல வசூலிக்க ஆட்சியர் அலுவலகத்துக்குக் கோப்பு போகும். அங்கிருந்து வட்டாட்சியருக்கு. அதன்பின் குடும்பம் மாதாமாதம் தாலுகா ஆபீஸுக்கு நடக்கும்.

இந்தச் சட்டம் யாரை உள்ளே விடவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் அட்டவணையில் எந்தெந்த வேலைகள் என்று பட்டியல் இருக்கிறது. விவசாயம் அதில் எப்படி வருகிறது? டிராக்டர் அல்லது இயந்திர சக்தியால் நடக்கும் விவசாயம். பிற்பாடு பூச்சிமருந்து தெளிப்பதும் இயந்திர அறுவடையும் சேர்ந்தன. கழனியில் நாற்று நடும்போது பாம்பு கடித்து இறந்த பெண் மத்தியச் சட்டத்தின் சொற்களுக்கு வெளியே நிற்கிறார். பட்டியலில் சேர்க்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதால் இது உங்கள் கோரிக்கை மனுக்களில் இடம்பெற வேண்டிய விஷயம். தலித் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை எதுவோ அதுவே இயந்திரம் இல்லை என்ற காரணத்தால் விடுபட்டுப் போனது.

அதே பட்டியலில் ‘சாக்கடை’ என்ற சொல் இருக்கிறது. பாதாளச் சாக்கடை அமைப்பதும் பராமரிப்பதும் சட்டம் காக்கும் வேலை. ஆக, நகராட்சியின் ஒப்பந்ததாரருக்காக இறங்கி இறந்தவருக்கு, பன்னிரண்டாம் பிரிவோடு சேர்த்துப் படித்தால், நகராட்சி வரை பொறுப்பு ஏறும் என்று வாதாட வழி இருக்கிறது. ஆனால் இங்கே நான் எச்சரிக்கையாகப் பேச விரும்புகிறேன். 1923 சட்டம் விபத்துக்கானது. மனிதர்களைச் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. முதல்முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, மறுமுறைக்கு ஐந்து ஆண்டு வரை. பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவது 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். 2014 மார்ச்சில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமானது, நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். இந்தத் தொகைகளை வாங்கித் தர நீங்கள் அலைவது அவசியமான வேலை. ஆனால் பணம் வந்ததும் முதல் தகவல் அறிக்கை ‘தவறி விழுந்து இறப்பு’ என்பதோடு நின்றுவிடுகிறது. என் கருத்தில் 30 லட்சம் என்பது அரசு தன் அரசியல் சட்டக் கடமையில் தவறியதற்காகக் கொடுப்பது, இழப்பீட்டுச் சட்டப்படியானது வேலைக்கு அமர்த்தியவர் கொடுக்க வேண்டியது, குற்ற வழக்கு இரண்டுக்கும் அப்பாற்பட்டது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மூடினால் அந்தத் தொகை மனிதரைக் குழியில் இறக்குவதற்கான உரிமக் கட்டணமாகிவிடும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1923 சட்டத்தின் உள்ளடக்கம் பெரும்பாலும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயத்துக்குள் போயிருக்கிறது. நான் சொன்ன பிரிவு எண்கள் இனி வரும் விபத்துகளுக்கு மாறும். மாணவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பழைய விபத்துகளின் வழக்குகள் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பழைய எண்களிலேயே நடக்கும்.

கடைசியாக, அதிகம் பயன்படாத ஒரு பிரிவு, பத்து-ஏ. புதிய தொகுப்பிலும் இதற்கு இணையானது இருக்கிறது. வேலையில் ஏற்பட்ட விபத்தால் ஒருவர் இறந்தார் என்ற தகவல் எந்த வழியாக வந்தாலும், ஆணையர் முதலாளிக்கு அறிவிப்பு அனுப்பி, இறப்பின் சூழ்நிலையையும் இழப்பீட்டைக் கட்டப் பொறுப்பு உண்டா இல்லையா என்பதையும் 30 நாளுக்குள் எழுத்தில் சொல்லச் செய்யலாம். எந்த வழியாக வந்தாலும் என்பதைக் கவனியுங்கள். குடும்பம்தான் போக வேண்டும் என்றில்லை, வழக்கறிஞர் வேண்டும் என்றில்லை. காலையில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘கட்டடத் தொழிலாளி பலி’ என்று நான்கு வரிச் செய்தி பார்த்தால், அதை வெட்டி ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, இறந்தவர் பெயர், இடம், நாள், கட்டடம் யாருடையது, தெரிந்தால் ஒப்பந்ததாரர் யார் என்பதைக் கீழே எழுதி, உங்கள் பகுதிக்குரிய இழப்பீட்டு ஆணையருக்கு விரைவுத் தபாலில் பதிவு செய்து அனுப்புங்கள். அது சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைத்ததும் அதன் நகலை இறந்தவரின் குடும்பத்திடம் கொடுத்துவையுங்கள்.